எட்டு ஜிகாபைட்டில் நான்கு இழைகள்: இணைப் பல்லுறுப்புக்கோவைக் கணக்கும் நினைவக வரம்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயிலை ஒட்டிய மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் கணினிக் கணித வகுப்பு ஒன்றை நடத்துகிறேன். படிவம் 6 மாணவர்கள் வருகிறார்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பிய பல்கலைக்கழகப் பிள்ளைகள் வருகிறார்கள், செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்துக் குளித்துவிட்டு நேராக வந்து உட்காரும் ஓர் இளைஞரும் வருகிறார். ஆறு கணினிகள் இருக்கின்றன. எல்லாமே ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்தவை: நான்கு கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் அலகுகள்), எட்டு ஜிகாபைட் நினைவகம், லினக்ஸ். அவற்றில் நாங்கள் ஓட்டுவது இயற்கணித மென்பொருள்கள், அதாவது மாறிகள் கொண்ட கோவைகளைத் தோராயமின்றித் துல்லியமாகக் கூட்டிப் பெருக்கி வகுக்கும் நிரல்கள். வேலையை இழைகளாக, அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பகுதிகளாகப் பிரித்து நான்கு கோர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கத் தொடங்கிய நாள்முதல் நினைவகம் பற்றிய கேள்விகள் ஓயவில்லை. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கொடுத்த கோவைகள் சிறியவை, விடையும் சிறியது. நடுவில் ஏன் நினைவகம் நிரம்புகிறது?

இந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டால் மற்றவை பாதி முடிந்தது போல. அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

ஒன்றையும் நான்கு மாறிகளையும் கூட்டி, அதை 20-ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள். கிடைக்கும் கோவையில் 10,626 உறுப்புகள் இருக்கும். அந்தக் கோவையையும், அதனுடன் ஒன்றைக் கூட்டிய கோவையையும் பெருக்குங்கள். இயற்கணித மென்பொருள்களின் வேகத்தை ஒப்பிடப் பல ஆண்டுகளாகப் பயன்படும் கணக்கு இது. விடையில் 135,751 உறுப்புகள். ஆனால் உறுப்புக்கு உறுப்பு பெருக்கினால் நடுவில் ஏறத்தாழ 113 மில்லியன் பெருக்கற்பலன்கள் பிறக்கின்றன. ஒத்த உறுப்புகள் ஒன்றுசேர்ந்த பிறகுதான் அவை 135,751 ஆகச் சுருங்குகின்றன.

இப்போது பைட் கணக்கு. அடுக்குகளை நெருக்கி ஒரே 64 பிட் சொல்லில் (கணினி ஒரே மூச்சில் கையாளும் பிட் தொகுதியில்) வைத்துவிடலாம், 8 பைட். விடையின் மிகப்பெரிய கெழு 25 இலக்க எண், 83 பிட். ஒரு சொல்லில் அடங்காது, இரண்டு சொல் வேண்டும், 16 பைட். ஆக ஓர் உறுப்புக்கு 24 பைட். விடை முழுவதும் 3.3 மெகாபைட்டில் முடிந்துவிடும். 113 மில்லியனையும் முதலில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு வரிசைப்படுத்தினால் 2.7 ஜிகாபைட். எண்ணூறு மடங்குக்கும் மேல்!

கெழுக்களை, எவ்வளவு பெரிய எண்ணையும் கையாளும் ஜிஎம்பி என்ற நிரல் நூலகத்தின் பொது எண்களாக வைத்தால் இன்னும் மோசம். ஒவ்வோர் எண்ணுக்கும் 16 பைட் தலைப்பகுதி. எண்ணின் உடல் தனியாக ஒதுக்கப்படுவதால் அதற்குக் குறைந்தது 32 பைட். அடுக்கையும் சேர்த்தால் ஓர் உறுப்பு 56 பைட் பிடிக்கும். 113 மில்லியனால் பெருக்கினால் ஆறு ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். நம் மண்டபத்துக் கணினி அங்கேயே திணறிவிடும். ஃபிளின்ட் என்னும் இன்னொரு கணித நிரல் நூலகம் இதை அறிந்து, 62 பிட்டுக்குள் அடங்கும் எண்ணைத் தனி ஒதுக்கீடு இல்லாமல் அந்தச் சொல்லிலேயே வைத்துக்கொள்கிறது. நடைமுறையில் பெரும்பாலான கெழுக்கள் சிறியவை என்பதால் இது பேருதவி.

வீக்கம் பெருக்கலோடு நிற்பதில்லை. மீப்பெரு பொது வகுத்தியை யூக்ளிட் முறையில் காணும்போது கெழுக்கள் எப்படி ஊதிப் பெருகும் என்பதற்குப் பாடநூல்களில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 8-ஆம் படியில் ஒரு கோவை, 6-ஆம் படியில் ஒரு கோவை, கெழுக்களில் மிகப்பெரியதே 21. பின்னம் வராமலிருக்க ஒவ்வோர் அடியிலும் பெருக்கிக்கொண்டே போனால் கடைசியில் வந்து நிற்பது 35 இலக்க எண். அதே கணக்கில் தேவையற்ற பொதுக் காரணிகளை அவ்வப்போது வகுத்துத் தள்ளும் துணைவிளைவு முறையைப் பின்பற்றினால் கடைசி எண் 260708. கணினி அதுவேதான், கணக்கும் அதுவேதான். முறை மட்டும் வேறு. நினைவகம் போதவில்லை என்று கணினியைக் குறைகூறும் முன் முறையைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

அந்த 113 மில்லியனையும் எழுதாமல் எப்படிப் பெருக்குவது?

என் அப்பா ரப்பர் தோட்ட அலுவலகத்தில் சின்னக் கிராணியாக (எழுத்தராக) இருந்தார். மாத முடிவில் நான்கு மண்டோர்களின் (மேற்பார்வையாளர்களின்) பேரேடுகளைச் சேர்த்து ஒரே செக்ரோல், அதாவது தொழிலாளர் வேலைநாள் பட்டியல், எழுத வேண்டும். ஒவ்வொரு பேரேடும் தொழிலாளர் எண் வரிசைப்படி இருக்கும். அப்பா நான்கையும் மேசைமேல் திறந்து வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் வரிக்குக் கீழே ஒரு தீக்குச்சியை வைப்பார். நான்கு குச்சிகள் காட்டும் நான்கு எண்களில் சிறியது எதுவோ அதைச் செக்ரோலில் எழுதி, அந்தக் குச்சியை மட்டும் ஒரு வரி கீழே இறக்குவார். ஒரே ஆள் இரண்டு பிரிவுகளில் வேலை செய்திருந்தால் அந்த எண்ணை இரண்டு குச்சிகளும் ஒரே நேரத்தில் காட்டும். நாட்களைக் கூட்டி ஒரே வரியாக எழுதிவிடுவார். நான்கு ஏடுகளையும் படியெடுத்து ஒன்றாக அடுக்கும் வேலையே இல்லை. மேசைமேல் கூடுதலாகத் தேவைப்பட்டவை நான்கு தீக்குச்சிகள்.

குவியல் முறைப் பெருக்கல் இதுவேதான். முதல் கோவையின் ஒவ்வோர் உறுப்பும் இரண்டாம் கோவை முழுவதையும் பெருக்கித் தரும் வரிசை ஒரு பேரேடு. நம் கணக்கில் 10,626 பேரேடுகள், ஆகவே 10,626 தீக்குச்சிகள். குச்சிகளைக் குவியல் என்னும் தரவு அமைப்பில் வைத்தால் அடுத்து எடுக்க வேண்டிய உறுப்பு எப்போதும் உச்சியில் இருக்கும். ஒரு குச்சிக்கு 32 பைட் என்று வைத்தாலும் மொத்தம் 340 கிலோபைட்டே ஆகிறது. ஸ்டீபன் ஜான்சன் 1974-இல் இந்த முறையை முன்வைத்தார். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மோனகனும் ரோமன் பியர்ஸும் இதை நவீனச் செயலிகளுக்கு ஏற்பச் செதுக்கினார்கள். அவர்களது பெருக்கல் நிரல் பின்னர் மேப்பிள் என்னும் இயற்கணித மென்பொருளிலும் இடம்பெற்றது.

அப்படியானால் நான்கு இழைகளாகப் பிரிக்கும்போது நினைவகம் நான்கு மடங்காகுமா?

எதைப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கொடுத்த கோவைகளை இழைகள் அனைத்தும் படிக்க மட்டுமே செய்கின்றன. ஒரு பிரதியே போதும். ஒவ்வோர் இழையின் இடைவிடையும் தனி. முதல் கோவையின் உறுப்புகளை நான்காகப் பங்கிட்டால், ஒவ்வோர் இழையின் இடைவிடையும் முழு விடையின் அளவுக்கு வளர இடமுண்டு. நான்கு இடைவிடைகள், பிறகு அவற்றைச் சேர்த்த இறுதி விடை: ஐந்து மடங்கு. நம் கணக்கில் அது 16 மெகாபைட்தான், கவலையில்லை. விடையே இரண்டு ஜிகாபைட் வரும் கணக்கில் அது பத்து ஜிகாபைட்.

மோனகனும் பியர்ஸும் 2009-இல் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கோரும் தன் பங்குக்கு ஒரு சிறு குவியலை வைத்துக்கொண்டு பெருக்குகிறது. இடைவிடை முழுவதையும் சேர்த்து வைப்பதில்லை. அளவு வரையறுத்த ஒரு சிறு தாங்கியில், அதாவது தற்காலிக இடத்தில், எழுதுகிறது. தாங்கிகளில் உள்ளவற்றை இணைத்து விடையில் சேர்க்கும் வேலையைக் கோர்கள் முறைவைத்துச் செய்கின்றன. ஆகவே இடைவிடை எத்தனை பெரிதானாலும் தாங்கி பெரிதாவதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. 340 கிலோபைட் குவியலை நான்காகப் பங்கிட்டால் ஒவ்வொரு கோருக்கும் 85 கிலோபைட். பழைய இன்டெல் கோர்கள் பலவற்றின் தனிக் கேஷ் (கோரை ஒட்டிய சிறு அதிவேக நினைவகம்) 256 கிலோபைட். முழுக் குவியல் அதில் அடங்காது, கால் பங்கு அடங்கிவிடும். இப்படிக் கேஷ் கூடுவதால் நான்கு கோர்கள் நான்கு மடங்கையும் விஞ்சி வேகம் தருவதுண்டு.

பாரி-ஜிபியில் 'ஸ்டாக் நிரம்பி வழிகிறது' என்று வருகிறது. கணினியில் ஐந்து ஜிகாபைட் காலியாக இருக்கிறதே?

பாரி-ஜிபி, பிரான்சின் போர்தோ நகரில் ஹென்றி கோஹனும் அவருடைய குழுவினரும் தொடங்கிய இலவச மென்பொருள். தன் கணக்குகளுக்கென ஒரே துண்டாக ஓர் இடத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே வேலை செய்யும். அந்த இடமே அதன் ஸ்டாக். 64 பிட் கணினியில் இயல்பான அளவு 80 லட்சம் பைட், அதாவது எட்டு மெகாபைட். கணினியில் எவ்வளவு காலியாக இருந்தாலும் அந்த எட்டைத் தாண்டினால் பிழைச்செய்தி வரும். 'பாரிசைஸ்மேக்ஸ்' என்னும் அமைப்புக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் தேவைப்படும்போது ஸ்டாக் அதுவரை வளரும்.

பாரிசைஸ்மேக்ஸை நான்கு ஜிகாபைட் ஆக்கிவிட்டேன். இணையாக ஓட்டினால் மறுபடியும் எட்டு மெகாபைட்டிலேயே நின்றுவிடுகிறது!

வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் விழுந்த குழி இது. ஒவ்வோர் இழைக்கும் தனி ஸ்டாக் உண்டு. அதன் அளவைச் சொல்வது 'த்ரெட்சைஸ்'. அதை அமைக்காவிட்டால் தலைமை ஸ்டாக்கின் தொடக்க அளவையே இழை எடுத்துக்கொள்ளும், அதாவது அந்த எட்டு மெகாபைட்டை. தலைமை ஸ்டாக்குக்குக் கொடுத்த வளரும் உரிமை இழைக்குச் செல்லாது. அதற்கு 'த்ரெட்சைஸ்மேக்ஸ்' என்பதைத் தனியாக அமைக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு குழி இருக்கிறது. ஒரு மாணவி தலைமை ஸ்டாக்கின் தொடக்க அளவையே மூன்று ஜிகாபைட் ஆக்கிவிட்டு நான்கு இழைகளை ஏவினாள். மூன்றோடு நான்கு முறை மூன்று: பதினைந்து ஜிகாபைட்டுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, இருப்பதோ எட்டு. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வட்டின் விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது. சுட்டி நின்று நின்று நகர்ந்தது. கடிகாரத்தில் நிமிடம் மாறியும் திரையில் மாறவில்லை. "அக்கா, நான் கெடுத்துவிட்டேனா?" என்று கைகளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள். எதுவும் கெடவில்லை. நினைவகத்தில் இடமில்லாததைக் கணினி வட்டுக்கும் வட்டிலிருந்தும் மாற்றிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். பிழைச்செய்தியோடு நிற்கும் நிரலைவிட, நிற்காமல் இப்படித் தவிக்கும் நிரல்தான் நேரத்தைத் தின்னும். வரம்பை நாமே முன்கூட்டி வைக்க வேண்டிய காரணம் இதுதான்.

எட்டு ஜிகாபைட்டை எப்படிப் பங்கிடுவது?

நான் வைக்கும் கணக்கு இது: இயங்குதளத்துக்கும் உலாவிக்கும் இரண்டு. மீதி ஆறில் தலைமை ஸ்டாக்கின் உச்சம் இரண்டு, நான்கு இழைகளுக்கும் உச்சம் ஒவ்வொன்று. தலைமைக்கு ஏன் இரண்டு என்றால், இழைகள் தரும் விடைகள் எல்லாம் அதன் ஸ்டாக்குக்குத்தான் வந்து சேர்கின்றன. ஓர் இழைக்கு ஒரு ஜிகாபைட் போதவில்லையா? இழைகளை இரண்டாக்கி, ஆளுக்கு இரண்டு கொடுங்கள். நான்கு கோர் இருக்கிறது என்பதற்காக நான்கையும் ஓட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. இழைகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது கோர் அன்று, நினைவகம்.

எந்தச் செய்தியும் இல்லாமல் நிரல் திடீரென மறைந்துவிடுகிறது. ஏன்?

லினக்ஸ் ஒதுக்கீட்டுக் கோரிக்கைகளுக்குத் தாராளமாகத் தலையாட்டும். கேட்ட இடத்தை உடனே தராது. நினைவகத்தைப் பக்கங்கள் என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும்; நிரல் ஒரு பக்கத்தில் உண்மையிலேயே எழுதும்போதுதான் அதற்கு இடம் தேடும். எல்லோருக்கும் கொடுத்த வாக்கை ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாத நிலை வந்தால், லினக்ஸின் மையமான கருநிரல் ஒரு செயல்முறையை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) தேர்ந்து கொன்றுவிடும். பெரும்பாலும் அதிக நினைவகத்தைப் பிடித்திருப்பதுதான் அகப்படும். வெளியேற்றக் குறியீடு 137 என்று இருந்தால், நிரல் தானாக முடியவில்லை, 9-ஆம் சைகையால் கொல்லப்பட்டது என்று பொருள்; 128-உம் 9-உம் சேர்ந்தது அந்த எண். கருநிரலின் பதிவேட்டில் 'நினைவகம் தீர்ந்தது' என்ற வரியும் இருக்கும்.

'யூலிமிட்' கட்டளையால் வரம்பு வைத்தேன். பாதி நினைவகம்கூடப் பயன்படாதபோதே ஒதுக்கீடு மறுக்கப்படுகிறது. கணக்கு எங்கே தவறுகிறது?

அந்தக் கட்டளை கட்டுப்படுத்துவது முகவரி இடத்தை, அதாவது நிரல் தனக்கென முன்பதிவு செய்யும் இடத்தை. உண்மையில் நிரம்பிய இடத்தை அன்று. ஒவ்வோர் இழைக்கும் இயல்பாக எட்டு மெகாபைட் அழைப்பு ஸ்டாக் உண்டு (பாரியின் ஸ்டாக் வேறு, இது வேறு). அத்துடன் லினக்ஸின் வழக்கமான சி நூலகம், இழைகள் ஒன்றையொன்று தடுக்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் தனி ஒதுக்கீட்டு அரங்கம் (இடம் ஒதுக்கித் தரும் தனிப் பகுதி) திறக்கிறது; ஓர் அரங்கம் 64 மெகாபைட் முகவரியை முன்பதிவு செய்துகொள்ளும். 64 பிட் கணினியில் கோர் எண்ணிக்கையின் எட்டு மடங்கு வரை அரங்கங்கள் திறக்கலாம். நான்கு கோருக்கு 32 அரங்கங்கள், இரண்டு ஜிகாபைட் முகவரி! அதில் ஓர் எழுத்தும் எழுதப்பட்டிருக்காது. 'மாலாக்-அரினா-மேக்ஸ்' என்ற சூழல்மாறிக்கு இரண்டு என்று மதிப்புக் கொடுத்தால் இது அடங்கும். அதைவிட நல்ல வழி, 'சிஸ்டம்டி-ரன்' கட்டளையில் 'மெமரிமேக்ஸ்' என்ற பண்பை அமைத்து நிரலை அதற்குள் ஓட்டுவது. அது உண்மையான பயன்பாட்டை அளந்து தடுக்கும், அந்த நிரல் தொடங்கிவைக்கும் பிள்ளைச் செயல்முறைகளையும் சேர்த்தே எண்ணும்.

சேஜ்மேத்தில் இணையாக ஓட்டும்போது வரம்பு வேலை செய்யவே இல்லையே?

சேஜ்மேத், பைத்தான் மொழியில் இயங்கும் இலவசக் கணித மென்பொருள். அதில் இணையாக ஓட்டச் சொல்லும் குறியான அலங்கரிப்பான் இழைகளை உண்டாக்குவதில்லை. தனித்தனிச் செயல்முறைகளைப் பிரித்து விடுகிறது. யூலிமிட் ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனியாகப் பொருந்தும். ஆறு ஜிகாபைட் வரம்பு வைத்து நான்கு பிள்ளைச் செயல்முறைகளை விட்டால், இருபத்துநான்குக்கு அனுமதி கொடுத்ததாகிவிடும். பிரியும்போது பக்கங்கள் பொதுவாக இருப்பது உண்மைதான். ஆனால் பைத்தான் ஒரு பொருளைத் தொட்டாலே அதன் சுட்டுக் கணக்கை (எத்தனை இடங்கள் அதைச் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கையை) மாற்றி எழுதும். எழுதியதும் அந்தப் பக்கம் படியெடுக்கப்படும். பொது என்று நம்பியது மெல்ல மெல்லத் தனிப்பிரதியாகிவிடும்.

நினைவகத் துண்டாடல் என்றால் என்ன?

துண்டாடல் என்ற சொல் நம் வீடுகளில் வலியோடு சொல்லப்பட்ட சொல். பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, லயங்களில் இருந்தவர்கள் வெளியேற நேர்ந்த காலம் அது. நம் ஊரோடு வாழ்வைப் பிணைத்துக்கொண்ட அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாக முன்னின்றதும் அந்தத் துன்பத்துக்கு விடைதேடித்தான். அந்தச் சொல்லைக் கணினிக்குப் பயன்படுத்தும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

கணினியில் நடப்பது இது: சிறு கெழுக்கள் லட்சக்கணக்கில் ஒதுக்கப்பட்டு, விடுவிக்கப்பட்டு, நடுவே சில மட்டும் உயிரோடு எஞ்சும். காலி இடத்தின் கூட்டுத்தொகை பெரிதாக இருந்தும், கேட்கும் அளவுக்குத் தொடர்ச்சியான ஓர் இடம் கிடைக்காது. பாரியின் ஒற்றை ஸ்டாக் முறை இதற்கு நல்ல மாற்று. வேண்டாதவற்றைக் கழித்து, வேண்டியவற்றை ஓரமாக நெருக்கிவிடும்.

நினைவகம் நிறையக் காலியாக இருந்தும் நான்காவது இழை வேகம் கூட்டவில்லையே?

கேஷில் அடங்காத பெரிய கோவைகளில், நான்கு கோர்களும் ஒரே நினைவகப் பாதையில் வரிசை நிற்கின்றன. பாதை நிரம்பிய பிறகு கோரைக் கூட்டிப் பயனில்லை. மூன்றோடு நிறுத்துங்கள்.

விண்டோஸ் மடிக்கணினியில்?

லினக்ஸுக்கான விண்டோஸ் துணை அமைப்பின் இரண்டாம் பதிப்பு இயல்பாகக் கணினி நினைவகத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். எட்டில் நான்கு. அதன் அமைப்புக் கோப்பில் மாற்றலாம், ஆனால் ஆறுக்கு மேல் போகாதீர்கள்.

மேப்பிள், மேக்மா?

பல்கலைக்கழகத்தில் இந்த இயற்கணித மென்பொருள்கள் கிடைக்கும் பிள்ளைகளுக்கு: மேப்பிளில் 'டேட்டாலிமிட்' என்ற அமைப்பும், மேக்மாவில் 'செட்மெமரிலிமிட்' என்ற கட்டளையும் இதே வேலையைச் செய்கின்றன. ஃபிளின்ட்டில் இழைகளின் எண்ணிக்கையை நீங்கள் சொல்லாதவரை ஒன்றே ஒன்றுதான்.

உண்மையில் எவ்வளவு பயன்பட்டது என்று எப்படி அளப்பது?

லினக்ஸின் தனி 'டைம்' நிரலை விரிவான வெளியீட்டுடன் ஓட்டுங்கள். 'உச்ச உறை அளவு' என்ற வரி கிலோபைட்டில் வரும். முதலில் ஓர் இழையில், சிறிய படியில் அளவெடுங்கள். படியைக் கூட்டிக்கொண்டே மூன்று நான்கு புள்ளிகளைத் தாளில் குறித்தால், வளர்ச்சியின் போக்குக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தாளோடு வராதவர்களை நான்கு இழை ஓட்ட நான் விடுவதில்லை.

மாலையில் இடி மின்னலோடு மின்சாரம் போய்விடுகிறது. மூன்று மணிநேரக் கணக்கு வீணாகாமல் என்ன செய்யலாம்?

கணக்கைப் பகா எண்களாகப் பிரியுங்கள். நினைவகத்துக்கும் இதுவே நல்லது. கெழுக்களைப் பெரிய எண்களாகச் சுமக்காமல், 31 பிட் பகா எண் ஒன்றால் வகுத்த மீதியாக மட்டும் வைத்துப் பெருக்கலை முடிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் பெரிய கெழு 83 பிட்; இரண்டின் 31-ஆம் அடுக்கை ஒட்டிய மூன்று பகா எண்களின் பெருக்கற்பலன் அதைத் தாண்டிவிடும். மூன்று பகா எண்கள், மூன்று சிறு கணக்குகள். ஒவ்வொன்றின் விடையும் ஓர் உறுப்புக்கு 12 பைட், மொத்தம் 1.6 மெகாபைட். இழைக்கு ஒன்றாகக் கொடுங்கள். முடிந்த ஒவ்வொன்றையும் உடனே கோப்பில் எழுதச் சொல்லுங்கள். கடைசியில் சீன மீதித் தேற்றத்தால் மூன்றையும் கோத்தால் உண்மைக் கெழுக்கள் திரும்பக் கிடைத்துவிடும்.

போன மாதம் பெரிய கணக்கொன்றில் 40 பகா எண்கள் தேவைப்பட்டன. 27-ஆவது எழுதி முடித்ததும் ஊர் முழுவதும் இருண்டது. மண்டபத்து அம்மா அகல்விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். மின்சாரம் திரும்பியபோது ஆலை இளைஞர் கணினியைத் திறந்து கோப்புகளை எண்ணிப் பார்த்தார், இருபத்தேழும் இருந்தன. இருபத்தெட்டிலிருந்து தொடங்கினார்.